வைத்தியனுக்கு வருத்தம் வந்தால்

எங்கள் ஊரில் நோயை 'வருத்தம்' என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலும் வருத்தந்தான், கான்சரும் வருத்தந்தான். நான் வைத்திய பீடத்துக்குத் தெரிவாகி ஊரே வீட்டுக்கு வந்து போன நாட்களில், எங்கள் மூத்தம்மா என்னைப் பக்கத்தில் இருத்திக் கேட்ட முதற் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "டொக்டர்மாருக்கும் வருத்தம் வருமா மகன்?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வரும் மூத்தம்மா, ஆனா நாங்களே மருந்து எடுத்துக்குவோம்" என்று சொன்னதாக ஞாபகம்.

அந்தப் பதிலில் எவ்வளவு அறியாமை இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஏழு வருடங்கள் பிடித்தன. அதனை விளக்கிய சம்பவத்தையும், அது என்னுள் எழுப்பிய கேள்வியையும் எழுதவே இக்கட்டுரை.

இலங்கையில் வைத்தியப் பட்டம் பெற்ற ஒருவர் முழுமையான பதிவைப் பெறுவதற்கு முன்னர் ஒரு வருட காலம் அரச வைத்தியசாலையொன்றில் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும். ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை. 'ஹவுஸ் ஒபிசர்' என்று அழைக்கப்படும் இந்த வைத்தியர்தான் விடுதியில் நோயாளியை முதலில் காண்பவர், இரத்தம் எடுப்பவர், பி.எச்.ரி. எழுதுபவர், நள்ளிரவில் தாதியின் அழைப்புக்கு எழும்பி வருபவர். வீடு என்பது வைத்தியசாலை வளவுக்குள் இருக்கும் ஓர் அறை. பகலும் இரவும் அந்த வளவுக்குள்தான்.

அந்த வருடத்தில் நான் எழுதிய மருத்துவச் சான்றிதழ்களுக்குக் கணக்கில்லை. விடுதியிலிருந்து வீடு செல்வோர் எல்லோரும் 'மெடிக்கல்' கேட்பார்கள். மூன்று நாள், ஐந்து நாள், இரண்டு கிழமை என்று ஓய்வை எழுதிக் கொடுப்போம். "நல்லா ரெஸ்ட் எடுங்க, தண்ணி குடிங்க, காய்ச்சல் விடாட்டி உடன வாங்க." தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த வசனத்தை நான் பிழையின்றிச் சொல்வேன். அந்த வருடம் முழுவதும் எனக்காகவோ என்னுடன் பணிபுரிந்தவர்களுக்காகவோ அப்படி ஒரு சான்றிதழ் எழுதப்பட்டதை நான் காணவில்லை. எங்களில் ஒருவருக்கும் வருத்தம் வரவில்லை என்பது இதன் பொருளல்ல.

*

2017ஆம் ஆண்டு இந்த நாட்டில் டெங்கு ஆடிய ஆட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். அதன் உச்சம் ஜூன், ஜூலை மாதங்களில். நான் அப்போது எங்கள் ஊரிலிருந்து வெகுதொலைவில், மேல் மாகாணத்து வைத்தியசாலையொன்றின் பொது மருத்துவ விடுதியில் இருந்தேன். கட்டிலுக்கு இருவர், கட்டிலுக்குக் கீழே ஒருவர், நடைபாதையில் பாய். டெங்கு நோயாளியின் ஆபத்தான கட்டத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாடித்துடிப்பும், இரத்த அழுத்தமும், வெளியேறும் சிறுநீரும் பார்த்து அதற்கேற்பத் திரவத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் தவறினாலும் ஆபத்து. அப்படி ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்.

எங்கள் விடுதிக்கு இரண்டு ஹவுஸ் ஒபிசர்கள். ஒருவன் நான். மற்றவன் வவுனியாப் பக்கத்தைச் சேர்ந்தவன். ஒருநாள் இரவு அவன், மறுநாள் இரவு நான். பகலில் இருவரும். மூன்றாவது ஆள் இல்லை.

அது றமழான் மாதம். நோன்பின் கடைசிப் பத்து. பெருநாளுக்கு ஊருக்குப் போய்வர எனக்கு இரண்டு நாள் லீவு கிடைத்திருந்தது. அவன் மனமுவந்து அந்த இரண்டு இரவுகளையும் பொறுப்பேற்றிருந்தான். "நீ போ மச்சான், எனக்கு தைப்பொங்கலுக்குத் தந்தாச் சரி" என்று பகிடியும் விட்டான். தைப்பொங்கல் வரும்போது நாங்கள் இருவரும் அந்த வைத்தியசாலையிலேயே இருக்கமாட்டோம் என்பது இருவருக்கும் தெரியும்.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்னர், வெள்ளிக்கிழமை காலை, தேநீர் அறையில் அவன் மெதுவாகச் சொன்னான். "மச்சான், ஒரு மாதிரி இருக்கு. நேற்றையிலயிருந்து காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால நோகுது."

நான் முதல்நாள் இரவு முழுவதும் விழித்திருந்தவன். ஸஹருக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். அவன் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு அறிகுறிகளையும் ஒரு நோயாளி சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே இரத்தம் எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்திருப்பேன். அவனிடம் நான் சொன்னது இதுதான்: "ஆருக்குத்தான் காய்ச்சல் இல்ல? பெனடோல் ரெண்டப் போட்டுட்டு வா, றவுண்டுக்கு நேரமாகுது."

அவன் ஒன்றும் பேசவில்லை. பெனடோல் போட்டுக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை இரவு நான் பஸ் ஏறினேன். பெருநாள் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் முஸாபஹா செய்துகொண்டு நிற்கையில் தொலைபேசி ஒலித்தது. எங்கள் விடுதித் தாதி. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நோயாளிக்குக் கெனியுலா ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் விழுந்துவிட்டானாம். காய்ச்சல் விட்டிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுவதுதான் பயங்கரம் என்பதை நோயாளிகளின் உறவினர்களுக்கு நாளுக்கு இருபது தடவை விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அவன் பிழைத்தான். இரண்டு நாள் அதிதீவிர கவனிப்பில் இருந்தான், ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். ஆனால் இரண்டு விடயங்கள் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தன.

ஒன்று, அவனது மேற்சட்டைப் பையில் மடித்து வைக்கப்பட்டிருந்த ஓர் ஆய்வுகூடத் துண்டு. சனிக்கிழமை பகலே அவன் தன் இரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறான். பிளேட்லெட் 98,000. நான் பஸ் ஏறுவதற்கு முன்னரே அது அவன் பையில் இருந்திருக்கிறது. "ஏன்டா சொல்லல்ல?" என்று கேட்டபோது, "சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டாய்" என்றான்.

மற்றையது, அந்த ஞாயிறு இரவு அவன் எழுதிய ஒரு மருந்துக் குறிப்பு. ஒரு நீரிழிவு நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய இன்சுலினைப் பக்கத்துக் கட்டில் நோயாளியின் சீட்டில் எழுதியிருந்தான். பக்கத்துக் கட்டில்காரருக்கு நீரிழிவே இல்லை. அனுபவமுள்ள தாதி ஒருவர் அதைக் கண்டு நிறுத்தியிருக்கிறார். அந்தத் தாதியும் அன்று களைத்திருந்தால்?

*

அவன் செய்தது தியாகமா? நான் பல வருடங்களாக இந்தக் கேள்வியைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு கோணத்தில் பார்த்தால் அதைவிட உயர்ந்த நட்பு இல்லை. வேற்று மதத்துத் தோழனின் பெருநாளுக்காக ஒருவன் தன் காய்ச்சலை மறைத்தான். இதை ஒரு சிறுகதையாக எழுதினால் இந்த இதழில்கூடப் பிரசுரமாகக்கூடும். வாசித்தவர்கள் இன நல்லுறவு பற்றிக் கடிதமும் எழுதுவார்கள். ஆனால் அந்தக் கதையில் பக்கத்துக் கட்டில்காரர் இருக்க மாட்டார். தியாகம் செய்பவன் தனக்குச் சொந்தமானதை மட்டும்தானே கொடுக்க முடியும்? அன்றிரவு அவன் கொடுத்தவற்றில் அந்த அப்பாவி மனிதரின் உயிரும் கலந்திருந்தது. அதைக் கொடுக்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் உரிமை எனக்கும் இருக்கவில்லை.

வைத்தியர்கள் வைத்தியம் பெறுவதில் உள்ள தடைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் நேரத்தைச் சொல்வார்கள். அது உண்மைதான். விடுதி நடக்கும் நேரத்தில்தான் கிளினிக்கும் நடக்கிறது. ஒரு பல்லைப் பிடுங்குவதற்குக்கூட வரிசையில் நிற்க ஹவுஸ் ஒபிசருக்கு நேரமில்லை. ஆனால் நேரத்துக்குப் பின்னால் வேறு சில சுவர்களும் நிற்கின்றன.

முதலாவது, அவன் யாரிடம் போவது? அந்த வைத்தியசாலையில் அவனைப் பரிசோதிக்கத் தகுதியுள்ள வைத்திய நிபுணர்தான் அவனது பயிற்சி திருப்திகரமானது என்று கையொப்பமிட வேண்டியவரும். தன் பலவீனத்தைத் தன்னை மதிப்பிடுபவரின் முன்னால் எவன் விரித்து வைப்பான்? ஆகவே நடைபாதையில் யாராவது நண்பனை மறித்து, "மச்சான், இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்பான். நாடி பார்க்காமல், வரலாறு கேட்காமல், குறிப்பு எழுதாமல் ஒரு மருந்தின் பெயர் கைமாறும். ஒரு நோயாளிக்கு நாங்கள் அப்படிச் செய்தால் அது அசட்டை. எங்களுக்குள் செய்தால் அதற்குப் பெயர் உதவி.

இரண்டாவது, மறைவு இல்லை. ஹவுஸ் ஒபிசரின் இரத்தப் பரிசோதனை முடிவு அவன் கைக்கு வருவதற்கு முன்னர் ஆய்வுகூடத்துக்குத் தெரியும், தேநீர் வேளைக்குள் விடுதி முழுவதற்கும் தெரியும். உடல் நோய் என்றால் பரவாயில்லை. மனம் சோர்ந்தவன் மனநோய்ப் பிரிவின் வாங்கிலில் போய் எப்படி உட்காருவான்? அந்த வாங்கிலில் அவனுடைய நோயாளிகளே இருப்பார்கள்.

மூன்றாவது, லீவு அளவுக்கு மிஞ்சினால் பயிற்சிக் காலம் நீளும். நீண்டால் கூடப் படித்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். புள்ளி வரிசையிலேயே வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு வரிசையில் பின்தள்ளப்படுவதைவிடப் பெரிய நோய் இல்லை. பயிற்சிக் காலத்தில் கருவுறும் பெண் வைத்தியர்கள் இதனை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இவையெல்லாவற்றையும்விட உயரமான சுவர் ஒன்று உண்டு. அது, நான் படுத்தால் என் வேலை யார் தலையில் விழும் என்ற கேள்வி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலையொன்றின் வைத்தியர்களிடமும் அவர்களோடு பணிபுரியும் மருத்துவத் துறையினரிடமும் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. நோயோடு கடமைக்கு வருவது நோயாளிகளுக்கு ஆபத்து என நூற்றுக்கு 95 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் முந்திய ஒரு வருடத்தில் ஒரு தடவையேனும் நோயோடு கடமைக்கு வந்ததாக நூற்றுக்கு 83 பேர் சொன்னார்கள். காரணம் கேட்டபோது ஏறத்தாழ எல்லோருமே சொன்னது, சக வைத்தியர்களைக் கைவிட மனம் வரவில்லை என்பதைத்தான். பயிற்சியை முடித்தவர்களுக்கே இந்த நிலையென்றால், நேற்று வந்த ஹவுஸ் ஒபிசரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, அவனுக்கும் சிகிச்சைக்கும் நடுவே நின்றது யார்? மருந்து இல்லாமலில்லை. கட்டில் இல்லாமலில்லை. எங்கள் வைத்திய நிபுணர்கூடக் கல்நெஞ்சக்காரர் அல்லர். அவனைக் கட்டிலில் கண்டபோது அவர் கண்கலங்கியதை நான் பார்த்தேன். "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் லீவு கொடுத்திருப்பார். கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, பெருநாளை மறந்துவிடச் சொல்லியிருப்பார். வேறு ஆள் அவரிடமும் இல்லை. நடுவே நின்றது நான்தான். தேநீர் அறையில் நான் சொன்ன அந்த ஒற்றை வசனந்தான்.

*

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறியாதவனல்லன். அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

"நாங்களும் இப்படித்தான் வந்தோம், இப்படித்தான் வைத்தியன் உருவாகிறான்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நித்திரை கொள்ளாத இரவுகள் கற்பித்தவை எனக்கும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வைத்தியசாலைக்குள்ளேயே வசித்துப் பயிலும் இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர், 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட். கொக்கெயினை உணர்வழிப்பு மருந்தாகப் பயன்படுத்தலாமா எனத் தன் உடலிலேயே பரிசோதித்து அதற்கு அடிமையானவர் அவர். பின்னர் மோர்பினுக்கும் அடிமையானார். அந்த மோர்பின் பழக்கம் அவர் இறந்து பல தசாப்தங்களுக்குப் பின்னரே வெளியுலகுக்குத் தெரியவந்தது. தன் நோயை ஆயுள் முழுவதும் மறைத்து வாழ்ந்த ஒருவரின் காலடியிலிருந்து புறப்பட்ட மரபு, நோயை மறைப்பதை ஒரு தகுதியாகவே எங்களுக்குக் கற்றுத் தந்ததில் வியப்பென்ன இருக்கிறது? நித்திரையைப் பொறுத்தவரை விஞ்ஞானம் பேசிவிட்டது. இருபத்து நான்கு மணித்தியாலம் விழித்திருப்பவனின் செயற்றிறன், பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்குத் தடைசெய்யப்பட்ட அளவு மதுவை அருந்தியவனின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பழைய முறைப்படி நீண்ட நேரம் வேலை செய்த பயிற்சி வைத்தியர்கள், நேரம் குறைக்கப்பட்டிருந்தபோது செய்ததைவிட நூற்றுக்கு 36 வீதம் அதிகமாகப் பாரதூரமான தவறுகளைச் செய்ததாகக் கண்டார்கள். குடித்தவனைக் கத்தி பிடிக்க விடாத சமூகம் நித்திரையற்றவனிடம் நம்பி ஊசியைக் கொடுக்கிறது.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது. "ஏழை நோயாளி வரிசையில் நிற்கிறான். அவனுக்கு அவனது நோயிலிருந்து லீவு உண்டா? நீ படுத்துவிட்டால் அவனை யார் பார்ப்பது?" 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்ட நிலையில் இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றிருக்கிறது. இதற்கு நான் எங்கள் மரபிலிருந்தே பதில் தேடினேன். மருத்துவத்தை இமாம் கஸ்ஸாலி அவர்கள் பர்ளு கிபாயா என்று வகுத்தார்கள். ஊரில் போதியவர்கள் அதைச் செய்தால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். யாரும் செய்யாவிட்டால் முழு ஊரும் குற்றவாளி. ஜனாஸாத் தொழுகையை உதாரணமாகச் சொல்லி மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்தோம். இதை விடுதிக்குப் பொருத்திப் பாருங்கள். நோயாளியைப் பராமரிக்கும் கடமை சமூகத்தினுடையது. அதை ஒரு நோயுற்ற இளைஞனின் தலையில் பர்ளு ஐனாக ஏற்றிவைத்துவிட்டு, அவன் விழுந்ததும் அவனது மனச்சாட்சியை விசாரிக்கிறோம். மூன்றாவது ஆளை நியமிக்காத ஏற்பாட்டை யாரும் விசாரிப்பதில்லை. நோன்பு எத்துணை பெரிய கடமை! அதில்கூட நோயாளிக்குச் சலுகை உண்டு. விடுதிக் கடமைக்கு மட்டும் ஏன் இல்லை?

மூன்றாவது நியாயம் என் மனதுக்கு நெருக்கமானது. "வைத்தியனுக்கு என்ன குறை? மருந்து அவன் கையில். தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலோடு கொழுந்து கிள்ளும் பெண்ணைப் பற்றியல்லவா எழுத வேண்டும்?" எழுத வேண்டும்தான். அன்றைய கூலி போய்விடும் என்று காய்ச்சலோடு மலையேறும் அவளோடு ஒப்பிடுகையில் நாங்கள் பாக்கியசாலிகள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தன் நோயை நம்பாத வைத்தியன் பிறர் நோயையும் நம்புவதில்லை. உள்ளகப் பயிற்சியின் பிற்பகுதியில், 'மெடிக்கல்' கேட்டு வந்த ஒரு கூலித் தொழிலாளியை நான் நடத்திய விதம் இப்போதும் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. நாரி நோகிறது என்றார். "எனக்குந்தான் நோகுது, நான் வேலை செய்யல்லையா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். தேநீர் அறையில் நண்பனுக்குச் சொன்ன அதே வசனந்தான் அது. எனக்கு நானே மறுத்த ஓய்வை அந்த மனிதருக்கு எப்படி மனமுவந்து எழுதிக் கொடுப்பேன்?

*

மறைப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு மேலைநாட்டு உதாரணத்தைச் சொல்ல வேண்டும். இலண்டனில் டொக்டர் தக்ஷா எம்சன் என்ற உளமருத்துவர் இருந்தார். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர். மாணவப் பருவத்திலிருந்தே அவருக்கு இருமுனை மனநோய் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் அதை வெளிக்காட்டாது ஒளித்து வைத்தார். மனநோயாளருக்கு வைத்தியம் பார்க்கும் துறையிலேயே மனநோய் என்பது வெட்கத்துக்குரியதாய் இருந்தது. 2000ஆம் ஆண்டு அவரும் அவரது மூன்று மாதக் கைக்குழந்தையும் இறந்தனர். 2003இல் வெளியான விசாரணை அறிக்கை, சுகாதார சேவைக்குள்ளேயே நிலவும் மனநோய் பற்றிய களங்க உணர்வைச் சுட்டிக்காட்டியது. அவர் வைத்தியராகவும் நோயாளியாகவும் இருந்ததனாலேயே அவருக்குக் கிடைத்த கவனிப்புக் குறைபாடுடையதாயிற்று என்றும் சொன்னது. அதன் பின்னர், 2008இல், வைத்தியர்கள் இரகசியமாகச் சென்று சிகிச்சை பெறக்கூடிய ஒரு சேவை இலண்டனில் தொடங்கப்பட்டது. எங்கள் பயிற்சிக் காலத்தில் அப்படி ஒரு கதவை எனக்கு யாரும் காட்டியதில்லை. நானும் தேடியதில்லை.

உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனீவாவில் வகுத்த வைத்தியர் உறுதிமொழி உலகெங்கும் அறியப்பட்டது. நோயாளிக்கும், ஆசிரியருக்கும், தொழிலுக்கும் வைத்தியன் ஆற்ற வேண்டிய கடமைகளெல்லாம் அதில் உண்டு. வைத்தியன் தன் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்ற வாசகம் அதில் சேர்க்கப்பட்டது 2017 ஒக்டோபரில். அறுபத்தொன்பது வருடங்கள் கழித்து! என் நண்பன் விழுந்து நான்கு மாதங்களின் பின்னர். அதைச் சேர்த்த விதமும் சிந்தனைக்குரியது. நல்ல சிகிச்சையை வழங்குவதற்காகத் தன்னைப் பேணிக்கொள்வேன் என்றே அது அமைந்திருக்கிறது. நோயாளிக்காகத்தான் வைத்தியன் நலமாயிருக்க வேண்டுமா? அவன் மனிதன் என்பது மட்டும் போதாதா?

ஒன்பதாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ என்பவர் அறபு மொழியில் எழுதிய 'அதபுத் தபீப்' என்ற வைத்திய ஒழுக்க நூல், வைத்தியன் தன் உடலைப் பேணுவதற்கென்று தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை.

ஆனால் எனக்கு இவ்விடயத்தில் தெளிவு தந்தது இவை எவையுமல்ல. சிறுவயதில் கேட்டு மறந்த ஒரு சம்பவம். ஸல்மானுல் பாரிஸி (ரழி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போகிறார்கள். அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று தம்மை வருத்திக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். நீங்கள் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று அந்த உபரியான நோன்பை முறிக்கச் செய்கிறார்கள். இரவு எழும்ப முயன்றவரை, தூங்குங்கள் என்று படுக்க வைக்கிறார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவருமாக எழுந்து தொழுகிறார்கள். இறைவனுக்கு உரிய ஹக்கைப் போலவே உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஒரு ஹக்கு உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுங்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். நபிகளாரிடம் இது சொல்லப்பட்டபோது, ஸல்மான் சொன்னது சரி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்தச் சம்பவத்தை இதுகாலவரை, உடலைப் பேண வேண்டும் என்ற போதனையாகவே நான் கேட்டிருந்தேன். பின்னர்தான் வேறொன்று தெரிந்தது. தன்னைத் தேய்த்துக்கொண்டிருப்பவனால் தனக்குத்தானே 'போதும்' என்று சொல்ல முடிவதில்லை. அதை ஒரு தோழன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஸல்மான் வெறுமனே புத்தி சொல்லவுமில்லை. கூட இருந்து உண்டார், கூட விழித்தார். அந்த வெள்ளிக்கிழமை தேநீர் அறையில் நான் வகிக்க வேண்டிய பாத்திரம் அதுதான். நோன்பு நோற்றிருந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

*

இப்போது நான் பட்டமேற்படிப்புப் பயிற்சியின் பிற்பகுதியில் இருக்கிறேன். எனக்குக் கீழே ஹவுஸ் ஒபிசர்கள் இருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்னர் அவர்களில் ஒரு பிள்ளை முகம் வெளிறி றவுண்டில் நிற்பதைக் கண்டேன். கேட்டதற்கு, "ஒண்டுமில்ல சேர்" என்றாள். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கொதித்தது. அறைக்குப் போகச் சொன்னேன். இன்னொரு விடுதியின் வைத்தியரைக் கொண்டு முறையாகப் பரிசோதித்து, குறிப்பு எழுதி, லீவு போட வைத்தேன்.

இதை எழுதும்போது ஏதோ பெரிய மனிதனாகிவிட்டதாகத் தோன்றக்கூடும். உண்மை வேறு. அவளுக்குப் பதிலாக அன்றிரவு விடுதியில் இருந்தவன் நான். அதிகாலை இரண்டு மணிக்கு ஐந்தாவது அனுமதியை எழுதும்போது எனக்கு அவள்மீது கோபம் வந்தது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காய்ச்சலைத் தாங்க ஏலாது' என்ற வசனம் முழுமையாக மனதுக்குள் உருவாகிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை என்பது மட்டுமே பழைய எனக்கும் இப்போதைய எனக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது ஆள் இன்றும் இல்லை. நான் ஓரிரவு விழித்திருந்ததால் அந்தக் குறை தீர்ந்துவிடவுமில்லை. தனிமனிதர்களின் நல்ல மனத்தைக் கொண்டு ஓர் ஏற்பாட்டின் ஓட்டையை எத்தனை நாளைக்கு அடைக்கலாம்?

மூன்றாம் நாள் அவள் கடமைக்குத் திரும்பினாள். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். "சேர், மன்னிச்சிருங்க" என்றுதான் பேச்சைத் தொடங்கினாள். வருத்தம் வந்ததற்கு மன்னிப்பு! அன்று மாலை வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் இப்போது அங்கேதான் இருக்கிறான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நீ இரவு விழிச்சனி சரி, இப்ப படுத்து எழும்பினியா?" என்று கேட்டான்.

நான் படுத்திருக்கவில்லை.